ஏழு ஸ்வரம், பன்னிரண்டு இடம்: மதுரை வீதிகளில் நடந்து ஒரு கணக்கு

"இசையே ஒரு கணக்குதான்" என்று யாராவது சொல்லாத கச்சேரி மேடை கிடையாது. கச்சேரி முடிந்து வெளியே வந்தால் டீக்கடையிலும் அதே பேச்சு. நம் இசையில் ஒரு ச-விலிருந்து அடுத்த ச வரை 22 சுருதி, அதாவது 22 நுண்ணிய ஸ்வர இடங்கள், மேற்கத்தியர்களுக்கு வெறும் 12. ஆர்மோனியம் சுருதி சேராது. 72 மேளகர்த்தா, அதாவது ஏழு ஸ்வர அடிப்படை வரிசைகள், என்பது முன்னோர் கண்டுபிடித்த விஞ்ஞானம். எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் "எந்தக் கணக்கு, அது எங்கே வருகிறது?" என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும்.

கணக்கு பெரிய கணக்கும் இல்லை. பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்; பாட்டுப் படித்திருக்க வேண்டியதில்லை. 2 என்ற எண்ணும் 3 என்ற எண்ணும் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. ஸ்வரங்களின் எண்ணிக்கை, ஆர்மோனியத்தின் மேல் உள்ள புகார், 22 சுருதிச் சண்டை எல்லாமே இந்த ஒன்றில் தொடங்குகிறவைதான்.

ச என்பது ஒரே ஓர் ஒலி அல்ல

ஒலி என்பது அதிர்வு. ஒரு நொடிக்கு எத்தனை அதிர்வு என்பது அதிர்வெண். அதை ஹெர்ட்ஸ் என்ற அலகில் சொல்வார்கள். அதிர்வெண் கூடினால் குரல் மேலே போகும்.

ச என்பதற்கு நிலையான அதிர்வெண் கிடையாது. ஆர்மோனியத்தில் 1 கட்டை என்றால் சுமார் 261.6 ஹெர்ட்ஸ். பாடகர் ஐந்து கட்டையில் பாடினால் அந்தக் கட்டைதான் அன்றைக்கு ச. அவரவர் குரலுக்கு ஏற்ப ச மாறும், மற்ற ஸ்வரங்கள் அதைப் பின்தொடரும். கணக்கு சுலபமாக இருக்கட்டும் என்று இந்தக் கட்டுரை முழுக்க ச = 240 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம்.

பின்தொடர்வது என்றால் எப்படி? பலர் தடுமாறுவது இங்கேதான். ச-வோடு இத்தனை ஹெர்ட்ஸ் கூட்டினால் ரி, இன்னும் இத்தனை கூட்டினால் க என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. காது கூட்டலைக் கேட்பதில்லை, பெருக்கலைக் கேட்கிறது. 240-க்கும் 360-க்கும் உள்ள உறவு ஒன்றரை மடங்கு. 300-க்கும் 450-க்கும் உள்ள உறவும் ஒன்றரை மடங்கு. வித்தியாசம் முதலில் 120, அடுத்ததில் 150. ஆனாலும் காதுக்கு இரண்டும் ஒரே தாவல்தான்.

நம்பிக்கை வரவில்லை என்றால் ஒரு வீணையைக் கிட்டத்தில் பாருங்கள். தந்திக்கு அடியில் குறுக்கே மெழுகில் பதித்த 24 மெட்டுகள். தலைப்பக்கம் விலகி விலகி இருக்கும். குடத்தை நெருங்க நெருங்க நெருக்கமாகிவிடும். தந்தியின் நீளம் 90 செ.மீ. என்றால் முதல் 12 மெட்டுகள் 45 செ.மீ. இடத்தை எடுத்துக்கொள்கின்றன. அடுத்த 12 மெட்டுகளுக்கு 22.5 செ.மீ. போதும். தந்தியின் நீளம் பாதியானால் அதிர்வெண் இரட்டிப்பாகும். ஒவ்வொரு மெட்டும் மிச்சமிருக்கும் நீளத்தில் ஒரே பங்கைக் குறைப்பதால்தான் இந்த நெருக்கம். கித்தார் வைத்திருப்பவர்கள் வீட்டிலேயே அளவுகோல் வைத்து அளந்து பார்க்கலாம்.

கீழ வீதிகள் எல்லாமே கிழக்கில்தான்

240-ஐ இரட்டித்தால் 480. காதுக்கு அது மேல் ச. குரல் உயர்ந்துவிட்டது, ஆனால் ஸ்வரம் மாறவில்லை. ஆணும் பெண்ணும் சேர்ந்து ஒரே பாட்டைப் பாடும்போது பெரும்பாலும் நடப்பது இதுதான். இப்படி இரு மடங்காகும் இடைவெளிக்கு ஸ்தாயி என்று பெயர்.

இதை மனதில் பதித்துக்கொள்ள மதுரையைவிட நல்ல ஊர் இல்லை. கோயிலைச் சுற்றிச் சித்திரை வீதி, அதைச் சுற்றி ஆவணி மூல வீதி, அதற்கு வெளியே மாசி வீதி. கீழ சித்திரை, கீழ ஆவணி மூலம், கீழ மாசி எல்லாமே கோயிலுக்குக் கிழக்கே இருப்பவை. திசை ஒன்று, சுற்று வேறு. ஸ்வரத்தைத் திசையாகவும் ஸ்தாயியை வீதியாகவும் எண்ணிக்கொள்ளுங்கள். கிழக்கே நிற்பது ச. கீழ சித்திரையில் நின்றால் மந்திர ஸ்தாயி ச, கீழ ஆவணி மூலத்தில் மத்திய ஸ்தாயி ச, கீழ மாசியில் தார ஸ்தாயி ச.

கிழக்கே புறப்பட்டு, தெற்கு, மேற்கு, வடக்கு என்று வலமாக ஒரு சுற்று வந்தால் 360 பாகை. சுற்று முடியும்போது அடுத்த வெளி வீதிக்குப் போயிருப்பீர்கள். ஒரு சுற்று என்றால் 2-ஆல் பெருக்கியாயிற்று. இந்தச் சுற்றுக்குள் எந்தெந்தத் திசைகளில் நிற்பது என்று தேர்ந்தெடுப்பதுதான் ஸ்கேல். மற்றதெல்லாம் அப்புறம்.

ப-வுக்கு ஏன் இவ்வளவு மரியாதை?

சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவை நடப்பது மதுரை ஆயர் குடியிருப்பில். ஆயர்குலத்து மாதரி ஏழு பெண்களை நிறுத்தி, குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஏழு ஸ்வரப் பெயர்களை அவர்களுக்குச் சூட்டுகிறாள். அந்த ஆட்டத்தில் குரலாக நின்றவளுக்குக் கண்ணன் வேடம். இளியாக நின்றவளுக்கு அவன் அண்ணன் பலராமன் வேடம். குரலை ச என்று வைத்தால் இளிதான் ப. ச-வுக்கு அடுத்த இடம் ப-வுக்கு என்பது அப்போதே தீர்மானமான விஷயம்.

ஏன் ப? காரணம் ஒவ்வோர் ஒலிக்குள்ளும் இருக்கிறது. 240 ஹெர்ட்ஸில் ஒரு தந்தியை மீட்டினால் 240 மட்டும் கேட்பதில்லை. அதன் மடங்குகளான 480, 720, 960, 1200 எல்லாம் மெல்லியதாகக் கூடவே ஒலிக்கும். இவற்றை மேற்சுரங்கள் என்பார்கள். ப-வின் அதிர்வெண் 360. அதன் மடங்குகள் 720, 1080 என்று போகும். ச-வின் மூன்றாம் மடங்கும் ப-வின் இரண்டாம் மடங்கும் ஒரே 720. இரண்டு ஒலிகளும் உள்ளுக்குள் கைகோத்துக்கொள்கின்றன.

ப கொஞ்சம் பிசகி 363 ஆகிவிட்டது என்று வையுங்கள். 720-உம் 726-உம் அருகருகே ஒலிக்கும். அப்போது நொடிக்கு ஆறு முறை ஒலி பெரிதாகிச் சிறிதாகி நடுங்கும். இந்த நடுக்கத்துக்கு விம்மல் என்று பெயர். தம்பூரா சேர்க்கிறவர் பிருடையைத் திருகிக்கொண்டே காதைக் கொடுத்துக் கேட்பது இந்த விம்மல் எப்போது ஓய்கிறது என்றுதான். சுருதி சேர்ந்தது என்றால் விம்மல் நின்றது.

ஆக, 2:1 உறவு ஸ்தாயி. 3:2 உறவு ப. சுற்றுவீதிக் கணக்கில் ஒரு ப-த் தாவல் ஏறக்குறைய 210 பாகை. கிழக்கிலிருந்து வலமாகப் போய் நேர் மேற்கைத் தாண்டி இன்னும் 30 பாகை.

மதுரைக்காரர்கள் இந்த இடத்தில் மீனாட்சி கோயில் இசைத்தூண்களைப் பற்றிக் கேட்பார்கள். கல்லுக்கும் இதே கணக்கா? இல்லை. இரு முனையும் பிடிபட்ட மெல்லிய தண்டில் மேற்சுரங்கள் 2, 3, 4 என்று முழு மடங்குகளில் வருவதில்லை. முதல் மேற்சுரமே சுமார் 2.76 மடங்கு. நீளம் பாதியானால் அதிர்வெண் இரு மடங்கு ஆகாது, கிட்டத்தட்ட நான்கு மடங்காகும். தந்தியின் விதியைக் கல்லில் போட்டால் பலிக்காது. செதுக்கிய சிற்பி, தட்டிக் கேட்டு, தன் காதை நம்பித்தான் ஸ்வரத்தைக் கொண்டுவந்திருக்க வேண்டும். "இயற்கையாகவே கல்லில் ஸ்வரம் இருந்தது" என்று சொல்வதைவிட இது எவ்வளவோ பெரிய பாராட்டு.

ஐந்திலும் ஏழிலும் என்ன விசேஷம்?

ச, ப இரண்டு கையில் இருக்கிறது. ப-விலிருந்து இன்னொரு ப-த் தாவல் போனால்? 360-இன் ஒன்றரை மடங்கு 540. அது மேல் ஸ்தாயி. பாதியாக்கிக் கீழே இறக்கினால் 270. அதுதான் ரி. மறுபடி தாவினால் 405, அது த. மறுபடி தாவி இறக்கினால் 303.75, அது க.

நான்கே தாவலில் ஐந்து ஸ்வரம்: ச, ரி, க, ப, த. மோகன ராகம்! தாலாட்டிலும் நாட்டுப்புறப் பாட்டிலும் அடிக்கடி காதில் விழும் அதே ஐந்து. சீனத்து இசையிலும் ஸ்காட்லாந்து நாட்டுப்பாடல்களிலும் இந்த ஐந்து வருகிறது. யாரும் யாரிடமும் கடன் வாங்க வேண்டியதில்லை. 3:2 எல்லோருக்கும் பொது.

சரி, இந்த ஐந்தும் எந்தத் திசைகளில் நிற்கின்றன? ச 0 பாகை, ரி 60, க 120, ப 210, த 270. அடுத்தடுத்த இடைவெளிகள் 60, 60, 90, 60, 90. இரண்டே அளவு.

ஆறாவதாக நி-யைச் சேர்த்தால் அது 330 பாகையில் வந்து நிற்கும். இப்போது இடைவெளிகள் 60, 60, 90, 60, 60, 30. மூன்று அளவு. சமன் கெடுகிறது. ஏழாவதாக இன்னொரு தாவல்: பிரதி மத்தியமம் (ம-வின் இரண்டு இடங்களில் மேலே உள்ளது), 180 பாகை, நேர் மேற்கு. இடைவெளிகள் 60, 60, 60, 30, 60, 60, 30. மறுபடியும் இரண்டே அளவு!

இதுதான் முக்கியமான இடம், கொஞ்சம் நின்று போகலாம். ப-த் தாவலை வைத்துச் சுற்றை நிரப்பிக்கொண்டே போனால், சில எண்ணிக்கைகளில் மட்டும் இடைவெளிகள் இரண்டு அளவுக்குள் அடங்கும். இரண்டு, மூன்று ஸ்வரத்தில் அடங்குவது பெரிய விஷயமில்லை. அதன் பிறகு அடங்குவது 5-இல், 7-இல், 12-இல். ஏழு நாள், ஏழு கடல், ஏழு நிறம் என்றெல்லாம் ஏழு ஸ்வரத்துக்குக் காரணம் தேட வேண்டாம்.

முதல் ஏழு தாவல் இடங்கள் தருவது ச ரி க ம ப த நி, அதிலும் ம பிரதி மத்தியமம். கல்யாணி. ஒரு தாவல் பின்னாலிருந்து, அதாவது கீழே உள்ள ம-வான சுத்த மத்தியமத்திலிருந்து தொடங்கினால் சங்கராபரணம். இன்னும் ஒன்று பின்னால் போனால் ஹரிகாம்போதி.

இதையே வேறு வழியில் செய்யலாம். ஏழு பேரையும் அப்படியே நிற்கவிட்டு, யார் ச என்பதை மட்டும் மாற்றுவது. ஹரிகாம்போதியின் ரி-யை ச ஆக்கினால் நடபைரவி. ம-வை ஆக்கினால் சங்கராபரணம், ப-வை ஆக்கினால் கரகரப்பிரியா, த-வை ஆக்கினால் தோடி, நி-யை ஆக்கினால் கல்யாணி. க-வை ச ஆக்கினால் மட்டும் அதற்கு ப கிடைக்காது. இன்று கிரகபேதம் என்கிறோம், பழந்தமிழில் பண்ணுப்பெயர்த்தல். ஏழு பாலைகள் என்று சொல்லப்படும் பழைய ஸ்வர வரிசைகள் இப்படிப் பிறந்தவைதான். ஏழு பெண்களும் குரவைக்காகக் கைகோத்து வட்டமாக நின்றதை நினைத்துக்கொண்டால் இது மறக்காது.

இதுவரை பார்த்தது: காது பெருக்கலைக் கேட்கிறது. 2-ஆல் பெருக்கினால் அதே ஸ்வரம், மேல் ஸ்தாயி. ஒன்றரையால் பெருக்கினால் ப. ஒன்றரையால் பெருக்கிக்கொண்டே போனால் மோகனமும் கல்யாணியும் தாமாக வந்துவிடுகின்றன.

பன்னிரண்டில் ஒட்டாத 7 பாகை

தாவிக்கொண்டே இருப்போம். ஒவ்வொரு தாவலும் 210 பாகை என்றால் 12 தாவல் 2520 பாகை. 360-ஆல் வகுத்தால் சரியாக 7 சுற்று. புறப்பட்ட கிழக்குத் திசைக்கே வந்துவிட்டோம், பன்னிரண்டு ஸ்வரத்தோடு கணக்கு முடிந்தது!

முடியவில்லை. 210 என்பது உருட்டிச் சொன்ன எண். உண்மையில் ஒரு ப-த் தாவல் 210.59 பாகை. பன்னிரண்டு தாவலில் அந்த மிச்சம் சேர்ந்து 7 பாகை ஆகிவிடுகிறது. ச-வில் தொடங்கிப் பன்னிரண்டு முறை ஒன்றரையால் பெருக்கி, ஏழு முறை பாதியாக்கிப் பாருங்கள்: 240-க்குப் பதிலாக 243.3 வரும். கைபேசிக் கால்குலேட்டரில் இரண்டு நிமிட வேலை. இந்த இரண்டு ச-வையும் சேர்த்து ஒலித்தால் நொடிக்கு மூன்று விம்மல். இந்தச் சின்ன மிச்சத்துக்குப் பித்தகோரஸ் கமா என்று பெயர்.

பன்னிரண்டில் ஒட்டவில்லை என்றால் இருபதில் ஒட்டுமா? நூறில்? எதிலும் ஒட்டாது. காரணம் பள்ளிக்கூடக் கணக்குதான். ப-த் தாவல் ஒவ்வொன்றும் 3-ஆல் பெருக்கி 2-ஆல் வகுப்பது. மறுபடி ச-வுக்கே வர வேண்டும் என்றால், 3-ஐ 3-ஆல் பெருக்கிக்கொண்டே போனதும் 2-ஐ 2-ஆல் பெருக்கிக்கொண்டே போனதும் எங்காவது சமமாக வேண்டும். முதலாவது எப்போதும் ஒற்றைப்படை: 3, 9, 27, 81. இரண்டாவது எப்போதும் இரட்டைப்படை: 2, 4, 8, 16. ஒற்றையும் இரட்டையும் சமமாவது எந்தக் காலத்திலும் நடக்காது.

நெருங்கி மட்டும் வரலாம். 12 தாவலில் 7 பாகை நெருக்கம். 53 தாவலில் சுமார் 1 பாகை வரை நெருங்கிவிடலாம், ஆனால் 53 கட்டை உள்ள ஆர்மோனியத்தை யார் வாசிப்பது? கைக்கு அடங்குகிற எண்ணிக்கையில் நல்ல நெருக்கம் பன்னிரண்டுதான். பியானோவில் ஒரு ஸ்தாயிக்கு 12 கட்டை, வீணையில் 12 மெட்டு என்று இரண்டு தனித்தனி மரபுகள் ஒரே எண்ணில் வந்து நிற்பது இதனால்தான்.

மிச்சத்தை எங்கே ஒளிப்பது?

7 பாகையை ஒழிக்க முடியாது. ஒளிக்கலாம். பியானோ, கீபோர்டு, பெரும்பாலான ஆர்மோனியங்கள் செய்வது இது: பன்னிரண்டு இடத்துக்கும் அந்த மிச்சத்தைச் சமமாகப் பங்கு போட்டுவிடுகின்றன. ஒவ்வொரு கட்டையும் முந்தைய கட்டையைப் போல 1.05946 மடங்கு. இதைச் சம பங்கீட்டுச் சுருதி என்று வைத்துக்கொள்வோம்.

இதில் ப-வுக்கு நஷ்டம் அதிகம் இல்லை. 360 வர வேண்டிய இடத்தில் 359.6. நொடிக்கு ஒரு விம்மல்கூட முழுதாக வராது. அடி வாங்குவது க. அந்தர காந்தாரம் என்ற அந்தக் க-வைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம்.

ச-வின் மேற்சுரங்களில் ஐந்தாம் மடங்கு 1200. அதோடு கைகோக்கும் க என்றால் 300 ஹெர்ட்ஸ், 5:4 உறவு. தம்பூராவை மீட்டிவிட்டு அமைதியாகக் கேட்டால், யாரும் மீட்டாத இந்தக் க தானாகக் காதில் விழும். ப-த் தாவலில் நான்கு அடி போய்க் கிடைத்த க வேறு: 303.75. ஆர்மோனியக் க மூன்றாவது ரகம்: 302.4. ஒரே பெயர், மூன்று இடம். ஆர்மோனியக் க-வைச் ச-வோடு சேர்த்துப் பிடித்தால் 1200-உம் 1209.5-உம் மோதி நொடிக்கு ஒன்பது, பத்து விம்மல். "ஆர்மோனியம் சுருதி சேராது" என்ற புகாருக்கு ஆதாரம் இந்த ஒன்பது விம்மல்தான். அகில இந்திய வானொலி 1940-இல் ஆர்மோனியத்துக்குத் தடை போட்டு 1971-இல்தான் தளர்த்தியது. அதற்குச் சொன்ன காரணங்களில் இந்தச் சுருதிப் பிரச்சினையும் ஒன்று, ஸ்வரத்தை அசைத்து வளைக்கும் கமகம் வராது என்பது இன்னொன்று. கீபோர்டு வித்வான்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்: எந்தக் கட்டையைச் ச ஆக்கினாலும் ஒரே மாதிரி வாசிக்கலாம் என்ற வசதி இந்தப் பங்கீட்டில்தான் கிடைக்கிறது. ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்கியிருக்கிறார்கள்.

வாய்ப்பாட்டுக்கும் நாதஸ்வரத்துக்கும் இந்தக் கட்டாயம் இல்லை. நாதஸ்வரத்தில் துளையைப் பாதி மூடியும், ஊதும் நாக்கான சீவாளியில் உதட்டு அழுத்தத்தை மாற்றியும் ஸ்வரத்தை இழுத்து வைக்கலாம். பக்கத்தில் ஒத்து என்ற சுருதிக் குழல் இடைவிடாமல் ஒலித்துக்கொண்டிருக்க, வாசிப்பவர் விம்மல் ஓயும் இடத்துக்குத் தானாகவே போய்விடுகிறார். சுருதி சுத்தத்துக்குப் பேர்போன மதுரை மணி ஐயரின் பழைய பதிவு ஏதாவது கிடைத்தால், அவர் க-வில் வந்து நிற்கும் இடத்தை மட்டும் கேளுங்கள். எண்களைவிட அது நன்றாக விளங்கும்.

22 சுருதியும் இதன் கிளைதான். ச, ப இரண்டுக்கும் ஆளுக்கு ஒரே இடம். மற்ற பத்து இடங்களிலும் இப்போது க-வில் பார்த்தது போலத் தாவலில் வந்தது ஒன்று, மேற்சுரத்தோடு கைகோப்பது ஒன்று என்று இரண்டிரண்டு. 2 + 20 = 22. இது ஒரு விளக்கம். வேறு கணக்குகளும் உண்டு, அறிஞர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் 22 அறைகளில் ஒன்றில் போய் நிற்பதாக நினைத்து எந்தப் பாடகரும் பாடுவதில்லை. தோடியின் க ஓர் இடத்தில் நிற்பதே கிடையாது, அசைந்துகொண்டே இருக்கும். "நமக்கு 22, அவர்களுக்கு 12" என்று மார்தட்டுவதில் பெரிய அர்த்தம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

72 எப்படி வந்தது?

இது வேறு வகைக் கணக்கு. அதிர்வெண்ணுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. பன்னிரண்டு இடத்தில் ச-வும் ப-வும் நிலையானவை. ம-வுக்கு இரண்டு இடம், ஒன்றை எடுக்கலாம். ச-வுக்கும் ம-வுக்கும் நடுவில் நான்கு இடம். அதில் ரி-க்கு ஒன்று, க-வுக்கு ஒன்று என்று இரண்டை எடுக்க வேண்டும். நான்கில் இரண்டை எடுக்க ஆறு வழி. ப-வுக்கு மேலே த, நி-க்கும் அப்படியே ஆறு வழி. 2 × 6 × 6 = 72. தஞ்சையில் வாழ்ந்த வேங்கடமகி 17-ஆம் நூற்றாண்டில் சதுர்தண்டிப் பிரகாசிகை என்ற நூலில் இதை முறைப்படுத்தினார். அவர் காலத்தில் அந்த 72-இல் வழக்கில் இருந்தவை கொஞ்சம்தான். மற்றவற்றுக்கு முதலில் கட்டம் போட்டு வைத்தார்கள், பாட்டு பின்னால் வந்தது.

72-உம் ஸ்கேல்கள்தான், ராகங்கள் என்று சொல்லிவிட முடியாது. ஆரபியையும் தேவகாந்தாரியையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஏறும்போது ச ரி ம ப த, இறங்கும்போது ஏழும். இரண்டுக்கும் அதே ஸ்வரங்கள், அதே இடங்கள்; பாகைக் கணக்குப் போட்டால் ஒரு வித்தியாசமும் தெரியாது. ஆரபி விறுவிறுவென்று நிமிர்ந்து நடக்கும். தேவகாந்தாரி இழைந்து, ஊசலாடி, நின்று நின்று போகும். நாலு கச்சேரி கேட்ட ரசிகர் முதல் வரியிலேயே எது என்று சொல்லிவிடுவார். அவர் எதை வைத்துச் சொல்கிறார் என்பதற்கு இந்தக் கட்டுரையின் பெருக்கலிலும் வகுத்தலிலும் விடை இல்லை.